பெருமமா, தொட்ட உச்சமா?

வணக்கம். முகமூடி மாட்டிச் சைக்கிள் மிதிக்கவைத்து, உடம்பு நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளக்கும் சோதனையில் வரும் 'VO2 max' என்ற அளவுக்குத் தமிழ்ச் சொல் பற்றிய உங்கள் கேள்வி இது:

> 'அதிகபட்ச ஆக்சிஜன் உள்ளிழுப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே. பெங்களூரில் பக்கவாத நோயாளியின் வீட்டாருக்குத் தரும் தமிழ்த் துண்டறிக்கைக்கு அது போதாதா?

போதாது ஐயா. இரண்டு சொல்லுமே இடறுகின்றன.

உள்ளே இழுப்பது காற்றை. அதில் ஆக்சிஜன் 21 சதவீதம்; வெளிவிடும் மூச்சிலும் 16, 17 சதவீதம் திரும்பி வந்துவிடுகிறது. நடுவே உடம்பு வைத்துக்கொண்டதைத்தான் கருவி கணக்கிடுகிறது. ஆகவே 'நுகர்வு'. 'ஏற்றம்' வேண்டாம், பள்ளி வேதியியலில் ஆக்சிஜனேற்றம் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. 'உயிர்வளி' அழகான சொல், ஆனால் சிவாஜிநகரில் இருக்கும் பாட்டிக்கும் 'ஆக்சிஜன்' என்றால் உடனே விளங்கும். அதையே வைப்போம்.

அடுத்தது 'அதிகபட்சம்'. சுமையைக் கூட்டியும் நுகர்வு நிமிடத்துக்கு 150 மி.லி. கூட ஏறாமல் சமன்பட்டால்தான் அது பெருமம், அதாவது உடம்பின் உண்மையான மேல் எல்லை. பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களிடம் அந்தச் சமநிலை அரிதாகவே தெரியும். இதயமும் நுரையீரலும் எல்லையைத் தொடும் முன்பே பலவீனமான கால் ஓய்ந்துவிடும், தசை இறுகிவிடும், பாதம் பெடலிலிருந்து நழுவிவிடும். அங்கே கிடைக்கும் எண் அன்றைக்கு அவர் தொட்ட உச்சம், அவ்வளவுதான். அதைப் பெருமம் என்று அச்சிட்டால் இதயமே பலவீனம் என்று வீட்டார் பயந்துவிடுவார்கள்.

என் பரிந்துரை: 'பெரும ஆக்சிஜன் நுகர்வு', 'தொட்ட உச்ச ஆக்சிஜன் நுகர்வு' என இரண்டு தனிச் சொற்கள்.

---

> தொட்ட உச்சம்

உங்கள் பரிந்துரையோடு முழு உடன்பாடு. 'எட்டிய' என்பதைவிட 'தொட்ட' நல்லது. 'எட்டு' எண்ணோடு குழம்பாது. ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும்: இந்தச் சொல் தனியே நிற்கக்கூடாது, நிறுத்திய காரணமும் கூடவே வரவேண்டும்.

ஏனென்றால் எண் குறைவதற்கு நோயாளி மட்டும் காரணமில்லை. முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் முகமூடி அந்தக் கன்னத்தில் ஒட்டாது. கசிந்த மூச்சு உணரியைத் தாண்டிப் போய்விடும்; இதயத் துடிப்பு ஏறிக்கொண்டிருக்க, நுகர்வுக் கோடு திடீரென விழும். தொடங்கும் முன் முகமூடியின் வாயை உள்ளங்கையால் அடைத்து ஊதச் சொல்லுங்கள். கசிவு இருந்தால், கன்னத்தோரம் விரல் வைக்கும்போது காற்று படும்.

பெங்களூருக்கென்று ஒரு கவனம். ஊர் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் 680 மி.மீ. பாதரச அளவில். அழுத்தத்தைத் தானே அளக்காத கருவியில் கடல்மட்டத்து 760 அப்படியே கிடந்தால் நுகர்வு 10 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகக் காட்டும்.

சைக்கிள் சோதனையில் பாதத்தைப் பட்டையால் கட்டி, நிமிடத்துக்கு 5 முதல் 10 வாட் ஏற்றி, 8 முதல் 12 நிமிடத்தில் முடியும்படி அமைப்பது வழக்கம். 20 அல்லது 30 வினாடிச் சராசரிகளில் மிகப் பெரியதுதான் தொட்ட உச்சம். வாயு மாற்று விகிதம் (வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை நுகரும் ஆக்சிஜனால் வகுத்தது) முழு முயற்சியைக் காட்டும் 1.10-ஐ எட்டியதா என்பதையும் எழுதுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பி மாத்திரை எடுப்பவரிடம் துடிப்பை வைத்து முயற்சியை எடைபோட முடியாது.

அறிக்கையில் வரி இப்படி இருக்கலாம்:

தொட்ட உச்ச ஆக்சிஜன் நுகர்வு: கிலோவுக்கு, நிமிடத்துக்கு 14 மி.லி.; வாயு மாற்று விகிதம்: 1.02, நின்ற காரணம்: இடது கால் சோர்வு.