மலையில் தனித்திருந்தபோது உடன் நடந்தது யார்?

முதல் பகிர்வு

நெருங்கியவரை இழந்த பிறகு மலைக்குத் தனியாகப் போய் இருந்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி விபத்தில் போய்விட்டான். அதற்குப் பின் வந்த மாதங்களில் என்னை அதிகம் களைக்க வைத்தது அழுகை அல்ல, அழுகையை ஆளுக்கு ஏற்றபடி அளந்து காட்ட வேண்டியிருந்ததுதான். அம்மா முன்னால் அழக்கூடாது, அவர் உடைந்துபோவார். அலுவலகத்தில் சிரித்தால் "தேறிவிட்டான்" என்று ஒரு பார்வை, சிரிக்காவிட்டால் "இன்னுமா?" என்று இன்னொரு பார்வை. துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, நீ மூன்றாவதில் நிற்கிறாய் என்று ஒருவர் விரலை மடக்கி எண்ணிக் காட்டினார். அந்தப் படிகளை 1969-இல் எழுதிய எலிசபெத் கியூப்ளர்-ராஸ், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசித்தான் அவற்றை வகுத்தார். உயிரோடு மிஞ்சி நிற்பவர்களுக்கான கால அட்டவணை அல்ல அது. இதை அவரிடம் எடுத்துச் சொல்லும் தெம்பு அன்று எனக்கு இல்லை.

அதனால் கிளம்பினேன். மரங்கள் நின்றுபோகும் எல்லைக்குச் சற்று மேலே ஒரு கல் குடில். கோடை முடியப்போகும் நேரம். எடுத்துக்கொண்டு போனது தம்பியின் முதுகுப்பை. அவன் என்னைவிட உயரம்; பை என் இடுப்புக்குக் கீழே தொங்கியது, எடை முழுவதும் தோளில் இறங்கியது. வாரை இழுத்துக் குறுக்கினால் சரியாகிவிடும். ஆனால் கொக்கி நிற்கும் அந்த இடம் அவன் உடம்பின் அளவு. அதை மாற்ற மனம் வரவில்லை. தோள் கன்றிப்போகும்வரை அப்படியே ஏறினேன்.

மலையில் சும்மா உட்கார்ந்து துக்கப்பட முடியாது என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டேன். ஓடையில் தண்ணீர் எடுக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து அடுப்பை மறைத்து வைக்க வேண்டும். வெயில் பாறையை விட்டுப் போவதற்குள் காலுறை காய வேண்டும். இந்த வேலைகளுக்கு நடுவே, கேட்காமல் கொள்ளாமல் அழுகை வரும். வாய்விட்டு, அசிங்கமாக, மூக்கு ஒழுக அழுதேன். பிறகு பசிக்கும். சாப்பிடுவேன். அழுதுகொண்டிருந்தவன் இப்படிச் சாப்பிடுகிறானே என்று பார்க்க ஆள் இல்லை. அந்தச் சுதந்திரம் எவ்வளவு பெரிது என்று சொல்லி விளக்க முடியவில்லை.

ஆள் இல்லை என்றேனே, ஒரே ஒரு சாட்சி இருந்தது. குடிலுக்கு எதிரே கற்குவியலில் ஒரு மார்மட் வசித்தது. அணில் குடும்பம்தான், ஆனால் பூனை அளவு இருக்கும். குளிர்காலம் முழுவதும் வளைக்குள் உறங்குவதற்காகக் கோடையிலேயே தின்று கொழுத்துக்கொள்ளும். நான் அழத் தொடங்கினால் பின்கால்களில் எழுந்து நின்று கூர்மையாக ஒரு விசில் அடிக்கும், ஆபத்து என்று தன் கூட்டத்துக்கு அறிவிப்பு. போகப் போக என் அழுகைக்குப் பழகிவிட்டது. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லைத் தின்னும். சொன்னால் சிரிப்பீர்கள், அத்தனை மாதங்களில் எனக்குக் கிடைத்த மிக நாகரிகமான அனுதாபம் அதுதான்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஒரு மாலை, சரிவை ஒட்டிய குறுகலான தடத்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால், இடப்பக்கம், யாரோ நடந்து வருவதாகத் தோன்றியது. காலடி ஓசை கேட்டதா என்றால், கேட்டது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஆள் இருப்பது தெரிந்தது. பின்னால் வருபவர் நம்மைவிட வேகமாக நடந்தால் எப்படி ஒதுங்கி வழிவிடுவோமோ அப்படி, யோசிக்காமலே பாறைப்பக்கம் ஒதுங்கி நின்றேன். யாரும் கடந்து போகவில்லை. பயமே தோன்றவில்லை. குடில் வந்ததும் அந்த உணர்வு போய்விட்டது. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

இரண்டாம் பகிர்வு

எனக்கு யாரும் வரவில்லை. வர வேண்டும் என்று காத்திருந்தவள் நான், அதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

அம்மாவை நெடுங்காலம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அவர் போனபோது முதலில் வந்தது நிம்மதி, அதற்குப் பிறகுதான் துக்கம். இந்த வரிசையை எந்த உறவினரிடமும் சொல்ல முடியாது. மலையில் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு வாய்விட்டுச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. காற்று வீசிக்கொண்டிருந்தது.

நான் சொல்ல வந்தது வேறு. 3,500 மீட்டருக்கு மேல் தங்கிய முதல் இரவு, தூங்கிச் சற்று நேரத்தில் மூச்சுத் திணறி விழித்தேன். மறுபடி கண்ணயர்ந்தால் மறுபடி அதே திணறல். பாதி விழிப்பில் கவனித்தபோது புரிந்தது: மூச்சு ஆழமாகி, ஆழமாகி, பிறகு மெலிந்து, சில விநாடிகள் நின்றேபோகிறது, பிறகு ஒரு பெரிய இழுப்போடு திரும்புகிறது. அந்தத் தாளம் எனக்கு மனப்பாடம். அம்மாவின் கடைசி இரவுகளில் அவர் அருகே உட்கார்ந்து, நின்ற மூச்சு திரும்பி வருமா என்று விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தவள் நான்.

உயரத்தில் இது சாதாரணம் என்று பிறகு படித்தேன். ஆக்சிஜன் குறைவதால் உடல் வேகமாக மூச்சு வாங்குகிறது. அதனால் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைகிறது. மூச்சு விடு என்று தூண்டுவதே பெரும்பாலும் அந்த வாயுதான் என்பதால், அது குறைந்ததும் மூச்சு நின்றுவிடுகிறது. வாயு மீண்டும் சேர்ந்ததும் மூச்சு வருகிறது. மரணப்படுக்கையில் பல நேரம் காணப்படும், செய்ன், ஸ்டோக்ஸ் என்ற இரண்டு மருத்துவர்களின் பெயரால் வழங்கும் மூச்சும் ஏறக்குறைய இதே ஏற்ற இறக்கம்தான்.

அம்மாவுக்கு அது எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும் என்பதுதான் என்னை விடாமல் அரித்த கேள்வி. இப்போது அந்த மூச்சுக்கு உள்ளே நானே இருந்து பார்த்துவிட்டேன். மூச்சு நிற்கும் அந்த இடைவெளியில் வலி இல்லை. எதுவுமே இல்லை. விழித்தபோது மட்டும்தான் திணறல். நினைவிழந்து கிடந்தவர் விழிக்கவே இல்லை. இது மருத்துவ நிரூபணம் ஆகாது என்பது தெரியும். இருந்தாலும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்றாம் பகிர்வு

மலை மீட்புக் குழுவில் தன்னார்வலராக இருப்பவன். உங்கள் இருவரையும் படித்தேன். முதலில் எழுதிய நண்பருக்குப் பதில்: உங்களுக்கு மூளை கலங்கவில்லை. பெரிய ஆட்களே பார்த்த விஷயம் இது. 1916 மே மாதம் அண்டார்க்டிக் பயணம் போன ஷாக்கிள்டனும் அவர் குழுவின் வொர்ஸ்லியும் கிரீனும் தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவின் மலைகளை 36 மணி நேரம் நிற்காமல் கடந்தார்கள். போனது மூன்று பேர். நாலாவதாக ஒருவர் கூட வந்ததுபோல் இருந்தது என்று பின்னால் சொன்னார்கள். 1933-இல் எவரெஸ்டில் 8,500 மீட்டருக்கு மேல் தனியாக ஏறிய ஃபிராங்க் ஸ்மைத், கையிலிருந்த புதினா இனிப்பை இரண்டாகப் பிட்டு, பாதியைக் கொடுக்கத் திரும்பியிருக்கிறார். கொடுக்க ஆள் இல்லை. களைப்பு, தனிமை, ஆக்சிஜன் குறைவு எல்லாம் சேர்ந்தால் மனம் ஒரு துணையை உண்டாக்கிக்கொள்கிறது.

துக்கம் இருந்தால் அதற்கு மலைகூடத் தேவையில்லை. வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி 1971-இல் வெளியிட்டார். ஏறத்தாழ பாதிப் பேருக்கு, போனவர் அருகில் இருப்பதாக உணர்ந்த அனுபவம் இருந்தது. பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதே இல்லை. பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவும் இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒதுங்கி வழிவிட்டீர்களே, பாறைப்பக்கம் ஒதுங்கியதால் இன்று இங்கே எழுதுகிறீர்கள். துக்கத்தில் இருப்பவர்களைத் தேடிப் போயிருக்கிறேன். சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல் ஏறுவார்கள். பொழுது சாய்வதைக் கவனிக்க மாட்டார்கள். "இன்னும் கொஞ்சம்" என்று போய்க்கொண்டே இருப்பார்கள். எந்தத் தடம், எந்தக் குடில், எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் ஆளைத் தேட வேண்டும் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். உச்சி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் திரும்பும் நேரத்தைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். 2,500 மீட்டரிலிருந்தே உயர நோய் வரலாம். 3,000-க்கு மேல், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையோ மதுவோ எடுத்தால், மேலே சகோதரி சொன்ன அந்த மூச்சு நிற்பது மோசமாகலாம். விசில் ஒன்று கழுத்திலேயே தொங்கட்டும்: நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் அபாயக் குறி அது.

வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைதூக்கும் காலத்தில் தனியாகப் போகவே போகாதீர்கள். மலை பின்னால் பார்த்துக்கொள்ளலாம். அப்போது பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டும், மருத்துவரும் வேண்டும்.

அந்தப் பையின் வாரையும் குறுக்குங்கள். இறங்கும்போது முழங்கால் போய்விடும்.

நான்காம் பகிர்வு

சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கு மலை உதவவில்லை. கணவர் இறந்தபின் போனேன். யாரும் இல்லாத இடத்தில் ஒரே நினைவு சுற்றிச் சுற்றி வந்து நெரித்தது. திட்டமிட்டதற்கு வெகு முன்பே இறங்கிவிட்டேன். "இயற்கை ஆற்றும்" என்று சொன்னவர்கள் மீது கொஞ்ச நாள் கோபம்கூட இருந்தது.

பிறகு மனநல ஆலோசகரிடம் போனேன். ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் சொன்ன ஒன்றை அவர் விளக்கினார்: இழந்தவர் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், அன்றாட வாழ்க்கையின் பக்கம் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிப் போய் வருகிறார், அந்தப் போக்குவரத்துதான் தேறுதல். ஒரு பக்கமே மாட்டிக்கொண்டால்தான் சிக்கல். முதலில் எழுதியவருக்கு ஓடையும் அடுப்பும் அந்த மறுபக்கமாக இருந்திருக்கின்றன. நானோ எல்லா வசதியும் உள்ள விடுதியில் அறை எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்ய வேலையே இல்லை.

மாதக்கணக்கில் துக்கம் தணியாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்கினால் அதற்கு இப்போது நோய்ப் பெயரே உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் குறைந்தது ஆறு மாதம் என்று கணக்கு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022-இல் திருத்திய கையேட்டில் பெரியவர்களுக்கு ஓராண்டு. அதற்கென்றே சிகிச்சையும் இருக்கிறது. எனக்கு அது பலித்தது.

ஐந்தாம் பகிர்வு

நான் கண்ணாலேயே பார்த்தேன். மகளை இழந்த அடுத்த ஆண்டு, அதிகாலையில் ஒரு முகட்டில் நின்றிருந்தேன். முதுகுக்குப் பின்னால் சூரியன், காலடியில் பள்ளத்தாக்கு நிறைய மூடுபனி. அந்தப் பனியில் ஓர் உருவம், தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையம். மண்டியிட்டுவிட்டேன். அதுவும் மண்டியிட்டது.

என் நிழல்தான். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைத்தொடரில் உள்ள பிரோக்கன் சிகரத்தின் பெயரால் அதை அழைக்கிறார்கள். 1780-இல் பதிவு செய்யப்பட்ட காட்சி. பனித்துளிகள் ஒளியை வந்த திசைக்கே சிதறடித்துத் திருப்புவதால் அந்த வளையம். அருகருகே நிற்கும் இருவரில் ஒவ்வொருவருக்கும் தன் நிழலின் தலையைச் சுற்றி மட்டும்தான் அது தெரியும். 1865 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலாக ஏறியவர்களில் நான்கு பேர் இறங்கும் வழியில் விழுந்து இறந்தார்கள். அன்று மாலை வானத்தில் ஒரு வளைவும் இரண்டு சிலுவைகளும் தெரிந்ததாக, உயிர் தப்பிய எட்வர்ட் விம்பர் எழுதியிருக்கிறார். அதுவும் பனியும் ஒளியும் செய்த வேலையாகத்தான் இருக்க வேண்டும்.

காரணம் தெரிந்துவிட்டது, சரி. ஆனால் அதைப் பார்த்த சில நிமிடங்கள் நான் மகளோடு பேசிக்கொண்டிருந்தேன், பேச வேண்டியதைப் பேசி முடித்தேன். அறிவியல் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

முதல் பகிர்வை எழுதியவர் மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. மூச்சைப் பற்றி எழுதிய சகோதரிக்குத் தனியாக. நான்காவதாக எழுதியவர் சொன்னதும் சரி என்றே படுகிறது; வெறும் ஜன்னலும் மலையும் மட்டும் இருந்திருந்தால் நானும் ஓடி வந்திருப்பேன்.

மீட்புக் குழு நண்பருக்கு: வாரைக் குறுக்கிவிட்டேன். அங்கேயே, இறங்குவதற்கு முந்தைய மாலை. கொக்கி பல ஆண்டுகள் அழுத்தியிருந்த இடத்தில் துணி நிறம் மாறாமல் புதிதாகவே இருந்தது, சுற்றிலும் வெளுத்திருந்தது. அந்த அடையாளம் போகாது, பார்த்துக்கொண்டேன். என் அளவுக்கு இழுத்துக் கட்டினேன். முழங்கால் நலம்.

இங்கே எழுதிய தைரியத்தில், பின்னால் வந்த ஆளைப் பற்றி அம்மாவிடமும் சொன்னேன். பதறுவார் என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவனாக இருக்காது. அவன் என்றைக்கு உன் பின்னால் நடந்தான்? முன்னால் ஓடிவிட்டு, ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறாய் என்று கத்துகிறவன் ஆயிற்றே" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் போன பிறகு நாங்கள் இருவரும் அவனைப் பற்றிப் பேசியது அன்றுதான். தம்பி சிறுவயதில் செய்த அட்டூழியங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம், எனக்குத் தெரியாத சிலவும் வெளியே வந்தன.

அடுத்த கோடையில் தானும் வருவதாகச் சொல்கிறார். குடில்வரை அவரால் ஏற முடியாது. சாலை முடியும் இடத்தில் தங்க ஓர் இடம் இருக்கிறது, அதுவரை கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். முட்டிவலி உள்ளவர்களை அந்த உயரத்துக்கு அழைத்துச் சென்ற அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள்.