இணைச்சீருக்கு நின்ற எங்கள் அக்கா

சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒருவர்:

எங்கள் பகுதி வேளாளர் வீட்டுத் திருமணங்களில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் இணைச்சீர் என்னும் சடங்கைச் செய்ய வேண்டும். உடன்பிறந்தாள் இல்லையென்றால் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி அந்த இடத்தில் நிற்பாள். பெரியப்பா மகனுக்குத் திருமணம் பேசி முடித்தபோது, அவனுக்கு உடன்பிறந்தாள் இருக்கிறாளா இல்லையா என்பதே வீட்டில் வழக்காகிவிட்டது. ஏனெனில், மூத்த மகனாக வளர்க்கப்பட்டு, பிற்பாடு தம்மைத் திருநங்கை என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டுக் கோவையில் வேலை பார்த்துவரும் அக்காவைப் பத்திரிகையில் எந்தப் பெயரில் அச்சிடுவது என்பதே யாருக்கும் விளங்கவில்லை.

முடிவு சொன்னவர் அப்பாரு (தாத்தா). "ஊட்டுலயே பொண்ணு இருக்கறப்ப வெளியில எதுக்குத் தேடோணும்?" என்றார். திருமணச் சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரரும் மறுக்கவில்லை. பந்தியில் சிலர் முணுமுணுத்தார்கள், அதை விட்டுவிடலாம்.

நான் சொல்ல வந்தது பெரியப்பாவைப் பற்றி. அவர் இன்றைக்கும் அக்காவைப் பழைய பெயரில்தான் கூப்பிடுகிறார். ஆனால், 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் வழங்கும் அடையாளச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க, மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்த நாளில் ஆட்களைக் காட்டில் விட்டுவிட்டு அக்காவுடன் ஈரோட்டுக்குப் போனவரும், பிறகு ரேஷன் அட்டையில் பெயரை மாற்ற அலைந்தவரும் அவரே. இனிக்க இனிக்கப் பேசிய உறவினர்களைவிட அவரே அக்காவை ஏற்றுக்கொண்டவர் என்பது என் எண்ணம். அக்காவிடம் கேட்டால், பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கு மட்டும் என்ன தடை என்பார். அந்தக் கேள்வியும் நியாயமானதுதான்.

பல்லடத்திலிருந்து ஒருவர்:

எங்கள் வீட்டில் இதே காரியம் வேறு விதமாக முடிந்தது. தமிழ்நாட்டில் 2008இலேயே திருநங்கையருக்கு நல வாரியம் அமைந்ததையும், 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்ததையும் அம்மாவிடம் நான் எடுத்துச் சொன்னபோது, "சட்டத்துக்குத் தெரிஞ்சு போச்சு கண்ணு, சனத்துக்குத் தெரியோணுமே" என்றார். தங்கை வரும் நாளில் அவளுக்குப் பிடித்த அரிசியும்பருப்பும் ஆக்கி வைப்பவரும் அதே அம்மாதான். ஆயினும், அண்ணன் திருமணத்தின்போது விருந்தாளிகள் எல்லோரும் கிளம்பிய பிறகு வந்தால் போதும் என்று அவளிடம் சொல்லிவிட்டார். அவள் வரவே இல்லை.

இப்போது தம்பிக்குப் பெண் பார்க்கிறோம். உங்கள் வீட்டில் அருமைக்காரரிடம் இதை யார், எப்படி எடுத்துப் பேசினார்கள் என்று விரிவாக எழுதுங்கள். எங்கள் அருமைக்காரர் அம்மாவுக்குத் தாய்மாமன் முறை. அவர் சரி என்றால் அம்மா மறுக்க மாட்டார்.