‘கவுண்டர் ஸ்டியரிங்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கல்லடி, திங்கள் இரவு

கலைச்சொல் மடற்குழுவினருக்கு வணக்கம்.

வருகிற சனிக்கிழமை இங்கே இருபது பொடியன்களுக்கு மோட்டார் சைக்கிள் வகுப்பு. நாலு பக்கக் கைநூலைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மத்தியானம் போட்டோக் கொப்பிக்குப் போக வேண்டும். வீதி வளைவான முடக்கின் உள்விளிம்பை மிகக் கிட்டத் தொட்டுப்போகும் இடமான ‘ஏபெக்ஸ்’ போன வாரம் இரண்டே மடலில் ‘உள்முனை’ ஆகிவிட்டது. ‘பந்தயத்தடம்’ பற்றி யாருக்கும் மறுப்பில்லை. மிச்சம் நிற்பது ‘கவுண்டர் ஸ்டியரிங்’ ஒன்றுதான்.

விஷயம் இது. வண்டி மெல்ல உருளும்போது ஹாண்டிலை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் போகும். வேகம் ஏறிய பிறகு அப்படியில்லை. வலப்பக்கம் போக வேண்டுமென்றால் வலது கைபிடியை முன்னுக்குத் தள்ள வேண்டும். முன்சில்லு ஒரு கணம் இடப்பக்கம் திரும்பும். சில்லு அடியில் இடப்பக்கம் விலக, வண்டி வலப்பக்கம் சாயும். சாய்ந்ததும் வலப்பக்கம் வளைந்து போகும். வண்டி ஓடுகிற எல்லாரும் தெரியாமலே இதைச் செய்கிறார்கள். பயந்த நேரத்தில் மட்டும் கை அதை மறந்துவிடுகிறது.

எனக்கு அது நடந்தது. செங்கலடி–பதுளை வீதியில், மகாஓயா தாண்டி ஓர் இடது முடக்கு. நினைத்ததைவிட இறுக்கமான முடக்கு. இரண்டு கையும் ஹாண்டிலில் உறைந்து போயின. வண்டி நடுக்கோட்டைத் தாண்டி மற்றப் பக்கத்தில் போய் நின்றது. எதிரே ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். பிறகு ஒருநாள் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடத்தில் பயிற்சிக்குப் போனேன். சுற்று 3.7 கிலோமீட்டர், 12 முடக்கு. தடத்தில் இறங்க முன்பே பயிற்றுநர் வெறும் தார்வெளியில் என்னை ஓடவிட்டுப் பார்த்தார். நான் கிட்ட வரும்போதெல்லாம் இரண்டு முழங்கையையும் கோழி சிறகடிப்பதுபோல் ஆட்டிக் காட்டினார். கையைத் தளரவிடு என்று அர்த்தம். தளர்ந்த கையால் இடது கைபிடியை மெல்லத் தள்ளியதும் வண்டி இடப்பக்கம் விழுந்த விதத்தை இன்றைக்கும் உள்ளங்கை மறக்கவில்லை.

ஆகவே எனக்கு வேண்டியது கைக்கு விளங்குகிற சொல். தெருவில் நின்று பார்ப்பவனுக்குப் பொருந்துகிற சொல் போதாது.

*

களுவாஞ்சிக்குடி, செவ்வாய் காலை

தம்பி, நல்ல காரியம்.

‘எதிர்த்திருப்பம்’ என்று யாரும் தொடங்க முன் சொல்லிவிடுகிறேன், அது இலேசாகக் கிடைக்கிற சொல், அதனாலேயே ஐயப்பட வேண்டிய சொல். ‘முரண்’ வைத்தால் இன்னும் சிக்கல். முரணும் திருப்பமும் புணர்ந்தால் முறைப்படி ‘முரண்டிருப்பம்’. வாசிக்கிற பிள்ளை முரண்டு பிடிப்பதைத்தான் நினைக்கும். முரண்தொடையைப் பிரித்து எழுதுகிறோமே என்பீர்கள். அது செய்யுள் இலக்கணம் படித்தவர்களுக்குள் புழங்குகிற சொல், தெருவுக்கு வரவில்லை.

சாய்வதுதான் இதன் உயிர் என்று நீரே எழுதியிருக்கிறீர். சாய்வுக்குத் தமிழில் ‘கோடு’ என்ற வேர் இருக்கிறது. ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை’ என்ற குறளில் தராசுக்கோல் ஒரு பக்கம் சாய்வதே கோடுதல். அந்த வேரிலிருந்தே கோட்டம். விலங்கின் கொம்பும் கோடு, மரக்கிளையும் கோடு, ஏனென்றால் அவை வளைந்தவை. ‘கோடல்’ என்று எடுத்தால் ‘கொள்ளுதல்’ என்ற பொருளும் வெண்காந்தளும் குறுக்கே வரும். ‘கோட்டம்’ நல்லது. மாறாகத் தள்ளிச் சாய்ப்பதால் ‘மாறுகோட்டம்’. ஓட்டுபவனுக்கும் புறநானூற்றில் ‘வலவன்’ இருக்கிறான். வலம் என்றால் வலப்பக்கம், வலம் என்றால் வலிமையும். வலது கையைத் தள்ளுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியில் கிடைக்கும்?

காரைதீவில் பிறந்து, 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகளின் மண் இது. இரவல் சொல்லோடு இங்கிருந்து ஒரு கைநூல் போகக் கூடாது.

*

அக்கரைப்பற்று, செவ்வாய் இரவு

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம்.

மாஸ்டரின் குறள் விளக்கத்தை என் வகுப்பில் சொல்லப்போகிறேன். ஆனால் பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் சில தடைகள்.

எங்கள் பாடத்தில் ‘திருப்பம்’ வேறொன்று. விசையைச் செங்குத்துத் தூரத்தால் பெருக்கினால் திருப்பம். வலஞ்சுழித் திருப்பம், இடஞ்சுழித் திருப்பம் என்று கணக்குச் செய்கிற பிள்ளைக்கு ‘எதிர்த்திருப்பம்’ என்றால் அந்தக் கணக்குத்தான் ஞாபகம் வரும். ‘கை அழுத்தம்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். இந்தியாவில் அது சரி. எங்களுக்கு அழுத்தம் மின்சாரப் பாடத்தில் வருவது, மற்றது அமுக்கம். கதியும் வேகமும்கூட அங்கே ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி.

ஆனால் ஒன்று. வேகம் கூடும் வீதத்தைச் சொல்லும் ‘ஆர்முடுகல்’ என்ற சொல்லை எந்தத் தாயும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிய எவருக்கும் அது தெரியும், வேகம் குறைவதைச் சொல்லும் அமர்முடுகலும் தெரியும். அதனால் ‘விளங்காது’ என்ற ஒரே காரணத்துக்காக மாறுகோட்டத்தைத் தள்ள மாட்டேன். ஆர்முடுகலுக்கு ஒரு பாடசாலைத் தவணை கிடைத்தது. அண்ணனுக்கு இருப்பதோ ஒரு சனிக்கிழமைக் காலை.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகாய விமானம் செய்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். இடப்பக்கம் திரும்ப என்ன செய்கிறீர்கள் என்று வில்பர் ரைட் பல சைக்கிள்காரரைக் கேட்டிருக்கிறார். முதலில் ஹாண்டிலைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்புகிறோம் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நூறு வருடத்துக்கு மேலாகச் சொல் இல்லாமலே கை செய்துகொண்டிருக்கிற வேலை இது.

என் முன்மொழிவு ‘எதிர்ச்சுக்கான்’. ஸ்டியரிங் என்பதற்குச் சுக்கான் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

*

களுவாஞ்சிக்குடி, புதன் காலை

சேர், சுக்கான் அரபுச் சொல்.

*

அக்கரைப்பற்று, புதன் காலை

ஓம் மாஸ்டர், அரபுச் சொல்தான். கப்பலோடு வந்து இந்தக் கரையில் இறங்கி, எங்கள் மூத்தவர்களின் வாயில் தமிழாகிவிட்டது. ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்பதை எனக்குப் படிப்பித்ததே உங்கள் தலைமுறை ஆசிரியர் ஒருவர். காலத்தில் பட்ட சொல்லை விலக்கச் சொல்லித் தொல்காப்பியர் சொல்லவில்லை.

*

வாழைச்சேனை, புதன் இரவு

தம்பிமாருக்கு.

நான் இலக்கணம் படித்தவன் இல்லை. முப்பது வருடமாக இயந்திரப் படகு வைத்திருக்கிறேன். சுக்கான் என்று எழுதியிருந்ததால் எழுதுகிறேன்.

வெளியிணைப்பு இயந்திரத்தின் கைபிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். பின்னால் இருக்கிற சுக்கான்கட்டையும் அப்படித்தான். புதிதாக வருகிற பொடியன் முதல் நாள் மாறிப் பிடிப்பான். முகத்துவாரத்தில் அலை முறியும் இடத்தில் அப்படி மாறினால் படகு குறுக்கே விழுந்துவிடும். நான் அவனுக்குப் பெயர் ஒன்றும் சொல்வதில்லை. பின்னால் உட்கார்ந்து அவன் கைக்கு மேல் என் கையை வைத்து, தள்ளு, இழு என்று சொல்வேன். இரண்டு நாளில் வந்துவிடும்.

‘எதிர்’ என்ற சொல் எனக்குச் சரியாகப் படுகிறது. கடலில் நாங்கள் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறோம்.

*

கல்லடி, வியாழன் இரவு

மாஸ்டருக்கும் சேருக்கும் வாழைச்சேனை அண்ணனுக்கும் நன்றி. இன்று பின்னேரம் இரண்டு பொடியன்களை வைத்துச் சொற்களைச் சோதித்துப் பார்த்தேன். கடற்கரைப் பக்கம் சன நடமாட்டமில்லாத ஒரு நேர்த்துண்டு, மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில்.

முதலில் என் மனதில் இருந்த ‘உட்கைத் தள்ளல்’. முடக்கின் உட்பக்கம் இருக்கிற கை என்ற கருத்தில் செய்தது. ஒரு பொடியன் கேட்டான்: “உட்கையா, உள்ளங்கையா?” அவன் உள்ளங்கையை விரித்துக் கைபிடியில் ஊன்றியிருந்தான், விரல்கள் வெளியே நின்றன. அகராதியைப் பார்த்தால் உட்கைக்கு எதிரியோடு இரகசியமாகச் சேர்ந்தவன் என்றும் பொருள். அந்தச் சொல்லை அதோடு விட்டேன். ‘முடக்குக்கை’ என்று மாற்ற நினைத்த கணமே முடக்குவாதம் ஞாபகம் வந்தது. ஊரில் வளைவை முடக்கு என்கிறோம், நோய்க்கும் அதே சொல். பயிற்சியில் அந்த நிழல் விழக் கூடாது.

‘மாறுகோட்டம்’ சொன்னேன். மாஸ்டர் மன்னிக்க வேண்டும், நான் விருப்பத்தோடுதான் சொன்னேன், தராசுக் கதையையும் சேர்த்தே சொன்னேன். தராசு அவர்களுக்குப் பிடித்தது. ஆனால் கோட்டம் என்ற சொல் சாய்வைச் சொல்கிறது, தள்ளச் சொல்லவில்லை. ஒருவன் உடம்பைச் சாய்த்தான், வண்டி நேரே போனது. இது சின்ன விஷயமில்லை. கலிபோர்னியாவில் 1980இல் பந்தயத்தடப் பயிற்சிப் பள்ளி தொடங்கிய கீத் கோட், இதைக் காட்டவே ஒரு வண்டியில் அசையாத இரண்டாவது ஹாண்டில் ஒன்றை உடற்சட்டத்தோடு பொருத்தினார். அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவுதான் உடம்பைச் சாய்த்தாலும் வண்டி ஒழுங்காகத் திரும்பாது. நாம் வைக்கிற சொல்லே உடம்பைச் சாய்க்கச் சொன்னால் நாமே பிழையாகப் படிப்பித்தவர்களாகிவிடுவோம்.

‘எதிர்ச்சுக்கான்’ சொன்னபோது இரண்டாவது பொடியன் சிரித்தான். அவன் தகப்பன் களப்பில், அதாவது கரையோரக் கடலேரியில், தோணி வைத்திருப்பவர். “அது தெரியும்” என்றான். போய்த் திரும்பி வந்தான், முழங்கை தளர்ந்திருந்தது. மற்றவனுக்கு அந்தச் சொல்லால் ஒன்றும் நடக்கவில்லை. அவனுக்கு நான், “போகிற பக்கத்துக் கையைத் தள்ளு” என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது முறை வண்டி சாய்ந்தது. தலைக்கவசத்துக்குள் அவன் கண் விரிந்ததைப் பார்த்தேன்.

எனவே கைநூலில் தலைப்பு ‘எதிர்ச்சுக்கான்’. அதன் கீழே பெரிய எழுத்தில், ‘போகிற பக்கத்துக் கையைத் தள்ளு’. பெயர் ஒன்றும் கட்டளை ஒன்றுமாக இரண்டும் இருக்கட்டும். தனிமடல்களையும் சேர்த்து எண்ணினால் ஐந்து பேர் இதற்கு, இருவர் மாறுகோட்டத்துக்கு, ஒருவர் ஆங்கிலச் சொல்லை அப்படியே வைக்கச் சொல்கிறார். நாளை மத்தியானத்துக்கு முன் வேறு யாரும் எழுதாவிட்டால் இப்படியே போகும்.

*

களுவாஞ்சிக்குடி, வெள்ளி அதிகாலை

தம்பி, சோதித்துப் பார்த்தது நல்லது. உடம்பைச் சாய்த்தான் என்று நீர் எழுதியதை வாசித்து இரவு நெடுநேரம் யோசித்தேன். அது என் சொல்லில் உள்ள குறைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் வாக்கு மாறவில்லை. ஒருநாள் சோதனையில் தோற்ற சொல்லை எறிந்துவிடுவதென்றால் ஆர்முடுகல் இன்று இருந்திராது. களப்பு என்பது நம் வாயில் பிறந்த சொல், பாடநூல் அதை ஏற்றுக்கொண்டது. அது ஒரு வழி. பாடநூலில் பிறந்து வாய்க்கு வருவது மற்ற வழி. அந்த இரண்டாவது வழியை நீங்கள் அடைக்கக் கூடாது. தலைப்பில் வேண்டாம். கைநூலின் கடைசிப் பக்கத்தில் சாய்வுக் கோணத்தைப் பற்றி ஒரு பந்தி இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே ‘கோட்டம்’ என்று ஒரு தடவையாவது எழுதும்.

*

கல்லடி, வெள்ளி முற்பகல்

மாஸ்டர், சாய்வுக் கோணம் மூன்றாம் பக்கத்தில் வருகிறது. ‘கோட்டம், அதாவது வண்டி ஒரு பக்கம் சாயும் அளவு’ என்று எழுதிவிட்டேன், பக்கத்தில் தராசுப் படம் ஒன்றும் கையால் வரைந்திருக்கிறேன். கொப்பி எடுக்கப் போகிறேன்.

அக்கரைப்பற்று சேர், முடக்குக்குள் நுழையும்போது முன்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு இன்னும் ‘ட்ரெயில் பிரேக்கிங்’ என்றுதான் போட்டிருக்கிறது. அடுத்த வகுப்புக்கு ஆறு கிழமை இருக்கிறது.