புதுப்பிப்பு: ஏரிக்கரை முகாமில் எங்கள் இளைஞர் குழு

எங்கள் திருச்சபை இளைஞர் குழு கோடை விடுமுறையில் ஏரிக்கரை முகாமுக்குச் சேவை செய்யப் போகிறது, பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். போய்த் திரும்பிவிட்டோம். படகுத்துறையைச் செப்பனிடச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி! பலகைகளை ஆணிக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளால் பொருத்தினோம்; நனைந்து காயும்போது மரம் உப்பிச் சுருங்குவதால் ஆணி மெல்ல மேலெழும்பிவிடும், வெறுங்காலோடு ஓடும் குழந்தைகளுக்கு அது ஆபத்து. பழைய பெயின்ட்டைச் சுரண்டும் வேலையைப் பிள்ளைகளிடம் தரவில்லை, அதில் ஈயம் இருக்கலாம். நீச்சல் நேரத்தில் இருவர் இருவராகச் சேர்த்துவிட்டது நல்ல முடிவு. மாலை ஜெபத்தில், வழக்கமாக வாய் திறக்காத பையன்கூட அந்தத் துறைக்காக நன்றி சொன்னான். அடுத்த கோடைக்கும் முகாம் பொறுப்பாளர் அழைத்திருக்கிறார். அப்போது கூரை வேலையாம். பெரியவர்கள் கூடுதலாக வர வேண்டும்.