பால்குடுவை அடியில் யானை முத்திரை: எந்தக் கம்பெனி?

பொட்டல்வாசி: அவசரம். காரைக்குடி பழம்பொருள் கடை ஒன்றில் சின்னப் பால்குடுவை பார்த்தேன். அடியில் யானை, பக்கத்தில் ஏதோ எழுத்துகள். லண்டன் வெள்ளி என்கிறார் கடைக்காரர். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். யார் செய்தது? அசல் வெள்ளியா?

கிளைவீதி: படம் எங்கே? ‘ஏதோ எழுத்துகள்’ என்றால் என்ன எழுத்து? எடை எவ்வளவு?

மணிக்கூண்டு: யானை என்றாலே சயாம்தான், அதாவது இன்றைய தாய்லாந்து. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பழங்காசு: கண்ணைத் திறந்துகொண்டு சொன்னால் நல்லது. சயாம் சரக்கில் பெரும்பாலும் ‘சயாம் ஸ்டெர்லிங்’ என்றே அடித்திருக்கும். மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், பழைய இழைகளை ஒருவரும் படிப்பதில்லை. சரி, கேளுங்கள். லண்டன் வெள்ளி என்றால் நடக்கும் சிங்கம், சிறுத்தைத் தலை, எந்த ஆண்டு என்று காட்டும் ஆண்டெழுத்து இருக்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் வெள்ளியைச் சோதித்து முத்திரையிட அரசு அலுவலகமே கிடையாது. நம் ஹால்மார்க்கே வெள்ளிக்கு 2005-இல்தான் வந்தது. அதனால் கல்கத்தா, மதராஸ் கடைகள் இங்கிலாந்து வரிசையைப் பார்த்துத் தாங்களே குறி அடித்துக்கொண்டன. கல்கத்தா ஹாமில்டன் அண்ட் கோ யானை போட்டது. ஆனால் யானையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

பொட்டல்வாசி: ‘எச்’ தெரிகிறது, அப்புறம் கொக்கி மாதிரி ஒன்று, பிறகு ‘சி’. அதற்கு மேல் தேய்ந்திருக்கிறது. தள்ளி ஒரு தனி ‘ஏ’.

மணிக்கூண்டு: லண்டன் ஆண்டெழுத்துப் பட்டியலில் பெரிய ‘ஏ’ 1836. வயது கிடைத்துவிட்டதே!

பழங்காசு: அது லண்டன் பட்டியல், ஐயா. கல்கத்தாக் கடை அடித்த எழுத்துக்கு அதில் ஆண்டு தேடக் கூடாது. கொக்கி என்பது ‘அண்ட்’ குறி. பொருத்தம் ஹாமில்டனுக்குத்தான். படம் வந்தால் உறுதியாகச் சொல்லலாம்.

கிளைவீதி: உடம்பில் சாமி உருவங்கள் புடைத்திருக்கின்றனவா? இருந்தால் மதராஸ் பக்கம் பார்க்க வேண்டும். அங்கே ‘பி. ஓர் அண்ட் சன்ஸ்’ கடைக்காரர்கள் பெயரை முழுசாகவே அடித்தார்கள். நெருக்கமான பூ வேலை என்றால் குஜராத்தின் கட்ச். அங்கே ஓமர்சி மாவ்ஜி என்ற வெள்ளி ஆசாரி ‘ஓ.எம்.’ போட்டார். எடை இன்னும் சொல்லவில்லை.

செம்புக்குடம்: விபூதி போட்டு நன்றாகத் தேயுங்கள், எழுத்து பளிச்சென்று வரும்.

பழங்காசு: தயவுசெய்து வேண்டாம்! தேய்த்துத் தேய்த்துத்தான் பாதி முத்திரைகள் போயின. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தெரியும்.

செம்புக்குடம்: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக விபூதிதான். குத்துவிளக்கு ஒன்றும் கரைந்துவிடவில்லை.

பழங்காசு: குத்துவிளக்கில் முத்திரை இருந்ததா, அதை முதலில் சொல்லுங்கள்.

செம்புக்குடம்: கேலி வேண்டாம். ஆசாரிகளே விபூதி போடுகிறார்கள்.

தறிமேடு: இரண்டு பேரும் தனி இழை போடுங்கள். பொட்டல்வாசி, ‘இ.பி.என்.எஸ்.’ என்று எங்கும் இல்லையே? இருந்தால் அது வெறும் வெள்ளி முலாம். விளிம்பு, கைப்பிடி மேடு, கால் இங்கெல்லாம் தேய்ந்த இடத்தில் மஞ்சளோ சாம்பலோ எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் அமிலத் துளி விட்டுக் காட்டுகிறேன் என்றால் விடாதீர்கள், கறை நின்றுவிடும்.

பொட்டல்வாசி: டார்ச் பிடித்தேன். ‘சி’க்குப் பக்கத்தில் சின்ன ‘ஓ’ இருக்கிறது. இ.பி.என்.எஸ். இல்லை. லண்டன் இல்லை என்றதும் விலை கொஞ்சம் இறங்கியது. வாங்கிவிட்டேன். நன்றி.

பழங்காசு: இறங்கியதா? ஹாமில்டன் என்று தெரிந்திருந்தால் ஏற்றியிருப்பார். படம் போடுங்கள்.

கிளைவீதி: எடை?