இதழைத் தேர்ந்துவிட்டு எழுதுவதா, எழுதிவிட்டு இதழைத் தேடுவதா?

தரவுத்துளி:
வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் நான்காம் ஆண்டு. முதல்முறையாக ஓர் ஆய்வுக்கட்டுரையை இதழுக்கு அனுப்பப் போகிறேன். வரைவு 7,100 சொல், 9 படம். "எந்த இதழ் என்று முடிவு செய்துவிட்டு மறுபடி எழுது" என்கிறார் நெறியாளர். ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரோ, "முழுசா எழுதி முடி, இதழ் தானா தெரியும்" என்கிறார். இரண்டு பேர் பேச்சையும் கேட்டு முன்னுரையை மட்டும் ஐந்து தடவை மாற்றிவிட்டேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செம்பதிப்பு:
நெறியாளர் சொல்வதைக் கேளுங்கள். ஓர் ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் ஆறு வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வரும் கட்டுரைகளில் கணிசமானவை மதிப்பாய்வாளரிடம் போகாமல் ஆசிரியர் மேசையிலிருந்தே திரும்பிவிடும். ஆய்வு மோசம் என்று திருப்பியவை குறைவு. "எங்கள் வாசகருக்கு இது எதற்கு?" என்ற கேள்விக்குக் கட்டுரையில் பதில் இருக்காது, அவ்வளவுதான்.

ஒரு சின்னச் சோதனை. உங்கள் மேற்கோள் பட்டியலை எடுங்கள். நீங்கள் நினைத்திருக்கும் இதழில் வந்த கட்டுரை அதில் எத்தனை? ஒன்றுகூட இல்லையென்றால், அந்த இதழில் நடக்கும் பேச்சுக்குள் நீங்கள் இன்னும் நுழையவில்லை என்று அர்த்தம்.

கடைசியில் பார்த்துக்கொள்ள முடியாத விஷயங்களும் உண்டு. மருந்துப் பரிசோதனை என்றால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே ஆய்வைப் பொதுப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2005 முதல் இதை நிபந்தனையாக வைத்திருக்கிறது. எழுதி முடித்துவிட்டு இதழின் விதிகளைத் திறந்து பார்த்தால், அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது.

முதல்வரைவு:
செம்பதிப்பு ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த அறிவுரையால் நான் 14 மாதம் இழந்திருக்கிறேன்.

ஒரு பெரிய இதழைக் குறிவைத்து எழுதினேன். அதில் வரும் கட்டுரை எல்லாமே 'இதனால் இது நடக்கிறது' என்று ஒரு காரணத்தை நிறுவும். என் தரவு காட்டியதோ வெறும் தொடர்பு. வரைவு மேல் வரைவாக எழுத எழுத, 'தொடர்புடையது' என்று இருந்த இடத்தில் 'காரணமாகிறது' வந்து உட்கார்ந்துகொண்டது. நான் மாற்றியதாக எனக்கு நினைவே இல்லை. மதிப்பாய்வாளர் ஒரே வரி கேட்டிருந்தார்: "இந்தச் சொல்லுக்கு ஆதாரம் எந்தப் படத்தில் இருக்கிறது?" எந்தப் படத்திலும் இல்லை.

முடிவு தெரிந்தபின் ஒரு கருதுகோளை உருவாக்கி, ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் சோதித்ததாகக் காட்டுவதற்கு நார்பர்ட் கெர் என்ற உளவியலாளர் 1998இல் 'ஹார்க்கிங்' என்று பெயரே வைத்தார். அது பெரும்பாலும் பொய் சொல்லும் எண்ணத்தில் தொடங்குவதில்லை. ஓர் இதழின் கட்டுரைகளைப் போல் எழுத வேண்டும் என்ற ஆசையிலும் தொடங்கும்.

தரவுத்துளி, ஒன்று செய்து பாருங்கள். 9 படத்தையும் அச்செடுத்துத் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றின் கீழும் அது காட்டுவதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். வாக்கியம் வராத படம் கட்டுரைக்குத் தேவையில்லை. வந்த வாக்கியங்களை வரிசைப்படுத்தினால் அதுதான் உங்கள் முடிவுகள் பகுதி. எந்த இதழின் பெயரும் தெரியாமல் அதை எழுதுங்கள்.

செம்பதிப்பு:
உங்களுக்கு நடந்தது வருத்தமானது. ஆனால் நீங்கள் தேர்ந்தது இதழின் பெருமையை. நான் தேரச் சொல்வது அதன் வாசகரை. ஒரே தரவைப் புள்ளியியலாளர்களுக்கு எழுதினால் கணித மாதிரியின் அனுமானங்கள் முன்னுக்கு வரும், களப் பணியாளர்களுக்கு எழுதினால் அளவீடு எடுத்த விதம் முன்னுக்கு வரும். இரண்டும் உண்மைதான். இரண்டையும் சமமாக எழுதினால் 7,100 சொல் வரும்!

வடிவமும் அப்படித்தான். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரை நேச்சர் இதழில் ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டும். அந்த அளவுக்குள் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால்தான் எதை விடுவது என்று கை துணியும்.

இன்னொரு கவலையும் உண்டு. எழுதி முடித்துவிட்டு அவசரத்தில் இதழ் தேடுகிறவர்கள்தான் "ஒரு வாரத்தில் பிரசுரம்" என்று வரும் மின்னஞ்சல்களில் விழுகிறார்கள். வேண்டுமென்றே பிழைகள் வைத்த ஒரு போலிக் கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்ததை 2013இல் சயன்ஸ் இதழ் வெளியிட்டது. அது அச்சுக்குப் போனபோது 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டிருந்தன. நான்கு வருட உழைப்பு அப்படி ஓர் இடத்தில் போய் முடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாணவரால் கட்டுரையைத் திரும்பப் பெறவும் முடியவில்லை.

தரவுத்துளி:
நடுவில் ஒரு கேள்வி. இரண்டு இதழுக்கு ஒரே நேரத்தில் அனுப்பி, முதலில் ஏற்பவருக்குக் கொடுக்கலாமா?

செம்பதிப்பு:
கூடாது. அனுப்பும்போதே "வேறெங்கும் பரிசீலனையில் இல்லை" என்று உறுதி கொடுக்கச் சொல்வார்கள். முதல் இதழ் மறுத்த பிறகோ, நீங்கள் முறையாகத் திரும்பப் பெற்ற பிறகோதான் அடுத்தது.

முதல்வரைவு:
இதில் ஐயாவோடு முழுக்க உடன்படுகிறேன். கூடவே கட்டுரையாளர் பெயர்களையும் வரிசையையும் இப்போதே எல்லோரிடமும் பேசி மின்னஞ்சலில் பதிந்து வைத்துவிடுங்கள். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு அந்தப் பேச்சு எடுத்தால் நட்பு போய்விடும்.

மூன்றாம்வாசகர்:
பல வருடங்களாக மதிப்பாய்வு செய்கிறேன். இருவரும் இதழைப் பற்றியே பேசுகிறீர்கள். படிக்கிறவர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

நான் முதலில் படிப்பது தலைப்பும் சுருக்கமும். அடுத்து படங்கள். அதற்கப்புறம் நேராக ஆய்வுமுறை. முன்னுரைக்கு அதன்பிறகுதான் வருவேன். தரவுத்துளி ஐந்து தடவை மாற்றியது அந்த முன்னுரையைத்தான்.

சுருக்கத்தில் அடிக்கடி பார்க்கும் வாக்கியம்: "குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்பட்டது." எவ்வளவு வேறுபாடு, எந்தப் பக்கம், எத்தனை மாதிரியில்? உதாரணத்துக்கு, "60 மாதிரிகளில் சராசரி வளர்ச்சி 12 விழுக்காடு குறைந்தது" என்று எழுதினால் அதே இடத்தில் முழுத் தகவலும் வந்துவிடும். நம்பக இடைவெளியையும், அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகளையும், சேர்த்தால் இன்னும் நல்லது. வேறுபாடே இல்லையென்றாலும் இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பைச் சொல்வது பி-மதிப்பு; அது மட்டும் வேறுபாட்டின் அளவைச் சொல்லாது.

அனுப்பும் முன் இந்த ஆய்வில் சம்பந்தப்படாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். 1936இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பலைகள் கிடையாது என்று காட்டும் கட்டுரை ஒன்றை ஃபிசிக்கல் ரிவ்யூ இதழுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் அதை வெளியாள் ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்டது ஐன்ஸ்டைனுக்குக் கோபம். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் அந்த வெளியாள் சுட்டிய பிழை உண்மை. 1937இல் வேறோர் இதழில் கட்டுரை வந்தபோது முடிவே மாறியிருந்தது. அவருக்கே தன் கணக்கில் இருந்த பிழையைக் காண இன்னொரு கண் வேண்டியிருந்தது.

முதல்வரைவு:
மூன்றாம்வாசகர் சொன்னதால் என் நிலையைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். பதிவு, நெறிமுறைக் குழு ஒப்புதல், முறையான மீளாய்வு (ஏற்கனவே வந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுவது) என்றால் அதில் தெரிவிக்க வேண்டியவற்றைச் சொல்லும் பிரிஸ்மா பட்டியல் போன்றவற்றை முதல் நாளே பார்க்க வேண்டும். அதில் ஐயா சொன்னது சரி. முன்னுரையும் விவாதமும்கூட வாசகரைப் பார்த்து எழுதப்படட்டும். முடிவுகள் பகுதியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எந்த இதழுக்குப் போனாலும் அதில் ஒரு எண்ணோ வினைச்சொல்லோ மாறக்கூடாது.

இதழ் மாறினால் மேற்கோள் பாணியை மாற்ற வேண்டுமே என்ற பயம் இப்போது வேண்டாம். சொட்டேரோ மாதிரி மேற்கோள் மென்பொருளில் அது ஒரு நிமிட வேலை. பல இதழ்கள் முதல் சமர்ப்பிப்புக்கு வடிவமைப்பைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை.

செம்பதிப்பு:
எண் மாறக்கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் எந்த எண் முதலில் வருகிறது, எது பின்னிணைப்புக்குப் போகிறது என்பது முடிவுகள் பகுதியில்தானே தீர்மானமாகிறது? அதை யாருக்காக எழுதுகிறோம் என்று தெரியாமல் எப்படித் தீர்மானிப்பீர்கள்? இந்த ஒரு இடத்தில் உங்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

தரவுத்துளி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு படங்களைத் தரையில் பரப்பினேன். மூன்றுக்கு வாக்கியம் வரவில்லை, எடுத்துவிட்டேன். ஆறாவது படத்தின் கீழ் "தூண்டுகிறது" என்று எழுதியிருந்தேன். கட்டுப்பாட்டுக் குழு இல்லாத சோதனை அது. "சேர்ந்து காணப்படுகிறது" என்று மாற்றினேன்.

பிறகு மேற்கோள் பட்டியலை எண்ணினேன். நான் நினைத்திருந்த இதழிலிருந்து ஒன்றுகூட இல்லை. நான் பெரிதாக மதிக்காத வேறோர் இதழிலிருந்து பதினொன்று இருக்கிறது. அதன் கடைசி நான்கு வெளியீடுகளை இன்று தரவிறக்கியிருக்கிறேன். படித்துவிட்டு, சுருக்கத்தை இங்கே போடுகிறேன். மூன்றாம்வாசகர் ஐயா, ஆய்வுமுறைப் பகுதியையும் அப்போது ஒருமுறை பார்த்துச் சொல்வீர்களா?