பிக் ஸ்டார் குழுவின் பழைய கசெட்டைக் காப்பாற்ற உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1971இல் உருவான பிக் ஸ்டார் இசைக்குழு, 1972இல் வெளிவந்த தன் முதல் இசைத்தட்டுக்கு விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றும், விநியோகக் கோளாறால் தட்டுகள் கடைகளைச் சென்றடையாததால், அன்று கவனிக்கப்படாமலே போனது. பின்னாளில் ஆர்.இ.எம். போன்ற குழுக்கள் அவர்களை முன்னோடிகளாகப் போற்றின. பிக் ஸ்டாரின் பாடகர் அலெக்ஸ் சில்டனின் குரலைக் கேட்டவர்களுக்கு அதன் காரணம் புரியும்.

என் அண்ணர் பதிவுசெய்து வைத்திருந்த கசெட், வெள்ளவத்தைக் கடற்காற்றில் பூஞ்சணம் பிடித்து, இரண்டாவது பாட்டிலேயே இழுபடுகிறது. உறையில் அவர் நீல மையால் எழுதிய பாடல் வரிசை மட்டும் இன்னும் அழியவில்லை. கொழும்பில் நாடாவைச் சுத்தம்செய்து கணினிக்கு மாற்றித் தரக்கூடியவரையோ, அந்த இசைத்தட்டை வைத்திருப்பவரையோ தெரிந்தவர்கள் தயவுசெய்து அறியத்தாருங்கள். நானே கழற்றிப் பார்க்க அஞ்சுகிறேன். அண்ணரின் பிரதி இது ஒன்றுதான்.